ஐந்தரை மணி நேரம் பின்னால் போன கடிகாரம்

போன வாரம் உங்கள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: “ஏனுங்கக்கா, ஒரே கம்ப்யூட்டர்ல விண்டோஸ், லினக்ஸ் ரெண்டும் இருந்தா, ஹார்ட் டிஸ்க் மாத்தறதுக்கு ஏன் எல்லாரும் தயங்கறாங்க?” அதற்குள் வாடிக்கையாளர் ஒருவர் வந்துவிட்டார். நான் பதில் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன். ஓய்வு பெற்றவளுக்கு யோசிக்க நிறைய நேரம். அதனால் இப்போது சொல்கிறேன்.

எப்படி மாற்றுவது என்று நான் சொல்லப் போவதில்லை. அது உங்கள் செல்போனிலேயே கிடைக்கும், என்னைவிடத் தெளிவாகவும் கிடைக்கும். என் அனுபவத்தில், மாற்றத் தெரியாதவர்களால் பெரிய சேதம் வந்ததில்லை. அவர்கள் பயந்து நிறுத்திவிடுவார்கள். நன்றாகத் தெரிந்தவர்கள்தான் வேக வேகமாக முடித்து, அழிக்கக் கூடாததை அழித்துவிட்டுப் போவார்கள். ஆகவே ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். நாமக்கல்லில் இருந்து பரமத்தி வேலூர் போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கோழிப்பண்ணையில் நடந்தது.

பண்ணை முதலாளி கந்தசாமி. முட்டைக் கோழி வளர்ப்பதில் நீண்ட அனுபவம் உள்ளவர். பேச்சில் மரியாதையும், அதற்குள்ளேயே அவசரமும் இருக்கும். தொலைபேசியில் அழைத்தார்.

“ஏனுங்க மேடம், ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆமை மாதிரி போகுதுங்க. கடக்கு கடக்குன்னு சத்தம் வேற. புது டிஸ்க்கு நானே வாங்கி வெச்சுட்டேன். நீங்க வந்து மாட்டிக் குடுத்தாப் போதும். அப்படியே அந்த டைமையும் என்னன்னு பாத்துருங்க.”

“டைமுக்கு என்னங்க?”

“அது பாட்டுக்குப் பின்னாடி போயிருதுங்க. முட்டை லோடு காலைல பத்தரைக்குப் போகும், பில்லுல விடியக்காலம் அஞ்சு மணின்னு வருது. டிரைவர் வந்து கத்தறான். ரெண்டு பேரு வந்து பேட்டரி மாத்திட்டாங்க. மறுபடியும் அதே கதைதானுங்க.”

கம்ப்யூட்டருக்குள் கடிகாரத்தை ஓட வைக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துபோனால் நேரம் தப்பும். அது உங்களுக்குத் தெரியும். ஆனால் அப்போது தேதியும் சேர்ந்தே குளறும். ஏதோ ஒரு பழைய வருஷத்தில் போய் நிற்கும். மறுநாள் காலை நான் பண்ணைக்குப் போய் அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டபோது தேதி சரியாக இருந்தது. நொடிக் கணக்கும் சரியாக இருந்தது. மணி மட்டும் ஐந்தரை பின்னால். ஆறு இல்லை, ஐந்து இல்லை, கச்சிதமாக ஐந்தரை. கெட்டுப்போன பொருள் இவ்வளவு கணக்காகத் தப்பு செய்யாது. எனக்கு அங்கேயே ஆர்வம் பிடித்துக்கொண்டது.

கணக்கு எழுதும் சண்முகம் பக்கத்தில் நின்றிருந்தார். அமைதியான மனிதர். “தெனமும் இல்லீங்க. சில நாளு நல்லா இருக்கும். நான் கையால திருத்தி வெப்பேன். அடுத்த நாளு மத்தியானச் சோறு தின்னுட்டு வந்து பாத்தா மறுபடி அப்படியே நிக்கும்” என்றார். அதைச் சொல்லிவிட்டு அவர் தீவன மூட்டை எண்ணப் போய்விட்டார்.

ஐந்தரை மணி நேரம் என்பது நம் நாட்டு நேரத்துக்கும் உலக நேரத்துக்கும் உள்ள இடைவெளி. விண்டோஸ் உள்ளே இருக்கும் கடிகாரத்தை ஊர் நேரமாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அதையே உலக நேரமாக வைத்துக்கொள்ளும். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டும் இருந்தால், லினக்ஸ் ஓடி முடித்த பிறகு விண்டோஸைத் திறந்தால், கடிகாரம் ஐந்தரை மணி பின்னால் காட்டும். அப்படியென்றால் இந்தக் கம்ப்யூட்டருக்குள் யாரோ, சில மத்தியானங்களில், வேறொரு வாசல் வழியாகப் போய் வருகிறார்கள்.

டிஸ்க்கைப் பார்த்தேன். பாதிதான் விண்டோஸ். மீதிப் பாதி பெயரில்லாமல் கிடந்தது.

“அந்தப் பாதி வெறும் எடமுங்க” என்றார் கந்தசாமி. “எம்மச்சான் பையன் பாத்துட்டுச் சொல்லிட்டான். அதனாலதான் இதுல பாதி அளவுக்குப் புதுசு வாங்கியாந்தேன். இருக்கறத மட்டும் மாத்திப்போட்டு, பழச சுத்தியல்ல அடிச்சு ஒடச்சுருங்க. எங்க பண்ணை சமாச்சாரம் வெளிய போகக் கூடாதுங்க.”

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பழைய டிஸ்க் சாகக் கிடக்கிறது. புதிய டிஸ்க்கில் பாதிக்குத்தான் இடம். முதலாளி தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னபடி செய்தால் என் மேல் ஒரு குற்றமும் வராது. சேலத்தில் நான் வேலை பழகிய கடையில் ஒரு மூத்தவர் இருந்தார். “கேட்டதைச் செய், கேக்காததைச் செய்யாதே” என்பார். அது நல்ல பாடம். எத்தனையோ வம்பிலிருந்து என்னைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் கேட்கிறவருக்கே தன் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் என்ன செய்வது என்று அவர் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

நான் பையிலிருந்து என்னுடைய பெரிய டிஸ்க்கை எடுத்தேன். “ஏனுங்க, எதை வெக்கறது எதை விடறதுன்னு அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல மொத்தத்தையும் அப்படியே ஒரு நகல் எடுத்துக்கறேன். இந்தச் சத்தத்துக்கு இது எப்ப வேணாலும் நின்னுரும்” என்றேன். அவருக்கு அது வீண் வேலையாகத் தோன்றியது. இருந்தாலும், “மத்தியானத்துக்கு மேல ஒரு லோடு போகோணும். அதுக்குள்ள முடிஞ்சாச் சரி” என்று சொல்லிவிட்டுத் தீவன ஆலைப் பக்கம் போனார்.

நகல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெயரில்லாத பாதியை என் லேப்டாப்பில் திறந்து பார்க்க எனக்குச் சில நிமிஷம் போதும். கை பரபரத்தது. திறக்கவில்லை. நம்மிடம் டிஸ்க்கைக் கொடுப்பவர்கள் மாற்றத்தான் கொடுக்கிறார்கள், படிக்க அல்ல. அதிலும் அது யாருடையது என்றே தெரியாதபோது.

கொஞ்ச நேரத்தில் வீட்டு மருமகள் டீ கொண்டுவந்தாள். பெயர் நித்யா. ஓமலூரில் இருந்து கல்யாணமாகி வந்தவள், இன்ஜினியரிங் படித்தவள் என்று கந்தசாமி முன்பே பெருமையாகச் சொல்லியிருந்தார். டீயை வைத்துவிட்டுப் போகாமல் கதவருகே நின்றாள். ஓடிக்கொண்டிருந்த நகலையே பார்த்தாள்.

“மேடம், டிஸ்க் ஃபுல்லா க்ளோன் பண்றீங்களா? இல்ல, விண்டோஸ் பார்ட்டிஷன் மட்டுமா?”

டீ டம்ளரைக் கையில் எடுத்த நான் அப்படியே அவளைப் பார்த்தேன். வீட்டில் இருப்பவர்கள் நம்மிடம் எவ்வளவு நேரம் ஆகும், போட்டோ எல்லாம் போய்விடுமா என்றுதான் கேட்பார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை.

“இப்போதைக்கு முழுசும்தாம்மா” என்றேன். “அப்புறம் புதுசுல எது வரும்னு உங்க மாமனார்தான் சொல்லோணும்.”

அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். ஏதோ கேட்க வாயெடுத்தாள். வெளியே பைக் சத்தம் கேட்டது. போய்விட்டாள்.

அவளாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தோன்றுவது வேறு, தெரிவது வேறு. அந்த வீட்டில் அவளுக்கு என்ன உரிமை, என்ன கட்டுப்பாடு, எனக்கு எதுவும் தெரியாது. டிஸ்க் மாற்ற வந்த நான் ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போனால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருக்கப் போவது அவள்தான், நானில்லை.

மத்தியானத்துக்கு மேல் கந்தசாமி திரும்பி வந்தார். நகல் முடிந்திருந்தது.

“ஆச்சுங்களா? அப்ப பழச ஒடச்சுப்போடலாமா?”

“ஏனுங்க, அந்தப் பாதி வெறும் எடமில்லீங்க. அதுல ஏதோ இருக்குது. விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாததனால காலியாட்டம் தெரியுது. என்னன்னு தெரியாம நான் அழிக்க மாட்டேனுங்க.”

“என்ன இருக்குது?”

“நான் தொறந்து பாக்கலீங்க.”

“டைம் மாறறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குதுங்களா?”

மனிதர் கூர்மையானவர். பொய் சொல்ல முடியாது. “இருக்குதுங்க” என்றேன்.

அவர் முகம் சிவந்தது. “அப்படிப் போடுங்க! மத்தியானத்துலதான் மாறுது. மத்தியானம் இங்க யாரு இருக்கறா? சண்முகந்தான். பில்லுல டைமை மாத்தி வெச்சுட்டு லோடு எங்கியோ போகுது போல இருக்குது. இத்தன வருசமா ஊட்டு ஆளாட்டம் வெச்சிருந்தனே!” செல்போனை எடுத்து அவரை அழைத்தார். “சண்முகம், எங்க இருக்கற? கெளம்பி ஆபீஸுக்கு வா. இப்பவே வா.”

இந்த இடத்தைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். சும்மா இருந்தால் ஒரு நல்ல மனிதர் மேல் திருட்டுப் பழி விழும். வாயைத் திறந்தால், நிச்சயமாகத் தெரியாத ஒன்றை வைத்து ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுத்ததாகும். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்வது என்று முடிவு செய்தேன்.

“ஒரு நிமிஷம் இருங்க. சண்முகம் டைமை மாத்தலீங்க. அவரு திருத்தத்தான் செஞ்சிருக்காரு. இது கையால மாத்தறதே இல்ல, தானா நடக்கறது. இந்தக் கம்ப்யூட்டர்ல இன்னொரு சிஸ்டம் இருக்குது. அதைத் தொறந்து மூடினா டைம் இப்படித்தான் நிக்கும். தொறக்கறவங்களுக்கே இது தெரிஞ்சிருக்காது. இதுல திருட்டு இருக்குதுன்னு சொல்ல ஒண்ணுமில்லீங்க.”

“அப்ப தொறக்கறது யாருங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் கதவருகிலிருந்து குரல் வந்தது. “நாந்தாங்க மாமா. அது என்னுது.”

நித்யா எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. சண்முகத்தின் பெயரைக் கேட்டுத்தான் ஓடி வந்திருக்க வேண்டும். மூச்சு வாங்கியது.

“உன்னுதா? என்னம்மிணி அது?”

“உங்க பக்கம் ஒரு ஃபைல்கூட தொடலைங்க மாமா. கணக்குல கை வெக்க வேண்டாம்னு சொன்னீங்க இல்ல? அதனாலதான் தனியா ஒரு எடம் பிரிச்சு, காலேஜ்ல நான் பழகுன லினக்ஸைப் போட்டுக்கிட்டேன். சண்முகம் அண்ணன் சாப்பிடப் போறப்ப வந்து பார்ப்பேன். டைம் மாறறது இதனாலன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

“அதுல என்னத்தப் பாப்ப?”

அவள் தயங்கினாள். “பாக்கறதில்லைங்க மாமா. கேப்பேன்.”

கந்தசாமி என்னைப் பார்த்தார். எனக்கும் அது என்னவென்று தெரிந்துகொள்ள அவரைவிட ஆவல். நகல் எடுத்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். நித்யா வந்து உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் விழிக்கும் நொடியில் ஒரு பட்டனை அழுத்தினாள். அத்தனை நாளும் அந்த ஆபீஸில் யாரும் பார்த்திராத வேறொரு திரை வந்தது. ஒரு ஃபோல்டரைத் திறந்து, ஒரு கோப்பைத் தட்டினாள்.

கோழிகள். இருட்டில் கோழிகள் அடைந்திருக்கும்போது வரும் அந்த முனகல். எங்கோ ஒரு மின்விசிறி. திரையில் சத்தத்துக்கு ஏற்றபடி கோடுகள் எழுந்து விழுந்தன. இடையிடையே ஒரு சின்ன வெடிப்பு போல ஒன்று. அது வரும்போதெல்லாம் கோட்டில் ஊசி மாதிரி ஒரு முனை எழுந்தது.

“என்னோட பழைய செல்லை முட்டை எடுக்கற அக்காகிட்டக் குடுத்து ஷெட்ல தொங்க விடச் சொன்னேங்க. ராத்திரி பூரா பதிவாகும். இந்த ஊசி மாதிரி நிக்குது பாருங்க, இது தும்மல். போன தடவை கோழிக்கு நோய் வந்துச்சே, அப்ப வெளியில தெரியறதுக்கு முன்னாடியே இது கூடிடுச்சு. ஆனா ஒரு தடவை பாத்ததை வெச்சு எப்படிச் சொல்றது? அதனால சும்மா சேர்த்துக்கிட்டே இருந்தேன்.”

கந்தசாமி நாற்காலியை இழுத்துப் போட்டு, ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொண்டுபோனார். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

“இது தும்மல். செரி. அதுக்குப் பொறத்தாண்ட கொரகொரன்னு ஒண்ணு வருது, அது என்னன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியலைங்க மாமா. அதை ஃபேன் சத்தம்னு நெனச்சேன்.”

“ஃபேன் இல்ல சாமி. நெஞ்சுல சளி கட்டுனா அப்படித்தான் வரும். மறுபடி போடு.” மறுபடி கேட்டார். “இது எந்த ஷெட்டு? எப்பத்தது?”

“மூணாவது ஷெட்டுங்க. நேத்து ராத்திரி.”

அவர் எழுந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து சண்முகம் வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்து, “வரச்சொன்னீங்களேங்க?” என்றார். கந்தசாமி ஒரு கணம் அவரைப் பார்த்தார். “ஆமா. டாக்டருக்குப் போன் போடு. மூணாம் ஷெட்டுக்கு உடனே வரச்சொல்லு” என்றார். அவர் மேல் சற்று முன் விழவிருந்த பழியைப் பற்றி இன்றுவரை சண்முகத்துக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

வாசற்படியில் நின்று கந்தசாமி திரும்பினார். “ஏஞ்சாமி, இத்தன நாளா ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“ஷெட்டுப் பக்கம் வர வேண்டாம்னு சொன்னீங்க இல்லைங்களா மாமா.”

“நாத்தத்துல கஷ்டப்பட வேண்டாமேன்னு சொன்னேன்” என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. “காதுல கேக்கறதுக்குமா வேண்டாம்னு சொன்னேன்?”

அவர் போன பிறகு நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். கடிகாரம் ஏன் ஐந்தரை மணி தள்ளிப் போகிறது என்று அவளுக்கு விளக்கினேன். “அட, அப்படியா மேடம்!” என்று சிரித்துவிட்டாள். அதைச் சரிசெய்ய ஒரே வரிக் கட்டளை போதும். அவளே தட்டினாள். பிறகு அந்தக் கோடுகளை எப்படிப் படிப்பது என்று எனக்குக் காட்டினாள். என் வேலைக் காலத்தில் எத்தனையோ டிஸ்க்குகளில் இருந்து எத்தனையோ போட்டோக்களை மீட்டிருக்கிறேன். ஒரு டிஸ்க்குக்குள் இருந்து கோழி தும்முவதைக் கேட்டது அன்றுதான்.

புதிய டிஸ்க்கின் அளவுப் பிரச்சினை அப்படியே இருந்தது. கந்தசாமி ஷெட்டிலிருந்து திரும்பியதும் கேட்டேன். “ரெண்டும் இதுல அடங்காதுங்க. உங்க பக்கத்துல எடத்தை எது அடைக்குதுன்னு பாத்துட்டேன். பையன் கல்யாண வீடியோதான். முகூர்த்தம், பந்தி, ஊர்வலம் எல்லாம் தனித்தனியா கெடக்குது.”

அவர் யோசிக்கவே இல்லை. “கல்யாணத்தத் தனியா வேற எதுலயாவது போட்டுக் குடுங்க. கோழி உள்ள இருக்கட்டும்.”

நித்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது அவள் கல்யாணமும்தானே.

இரண்டையும் புதிய டிஸ்க்கில் ஏற்றி, இரண்டு வாசலும் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, வீடியோவை வேறொன்றில் மாற்றிக் கொடுத்தேன். பழைய டிஸ்க்கை அவர் கண் முன்னாலேயே உடைத்தேன். என் நகலையும் அவர் பார்க்க அழித்தேன். லோடு தாமதமாகத்தான் போனது. பில்லில் நேரம் சரியாக இருந்தது.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, ஆரம்ப நிலை என்று சொன்னாராம். அந்த ஷெட்டைத் தனியாகப் பிரித்து மருந்து கொடுத்தார்கள். கொஞ்சம் கோழி செத்தது. மற்ற ஷெட்டுகளுக்குப் பரவவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டதால்தான் பிழைத்ததா, கேட்காமலே கந்தசாமி ஒரு நாள் கழித்துக் கண்டுபிடித்திருப்பாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நித்யாவிடம் கேட்டால், “இன்னும் பதிவு பண்ணணும் மேடம், இப்பவே சொல்ல முடியாது” என்பாள். அவள் சொல்வதுதான் சரி.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். இரண்டு சிஸ்டம் இருக்கும் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். அல்லது ஒரே ஆளின் இரண்டு வாழ்க்கை இருக்கிறது. நம்மைக் கூப்பிட்டவர் ஒருவர்தான். காலி என்று திரை சொன்னால், அந்தத் திரைக்குப் படிக்கத் தெரியவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் முழு நகல். பிறகு கேள்வி. கேள்வியை யார் முன்னால் கேட்கிறோம் என்பதையும் யோசித்துக் கேளுங்கள். விடை தெரிந்துவிட்டது போலத் தோன்றினாலும், உங்களுக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். மீதியை அந்த வீட்டுக்காரர்கள் பேசிக்கொள்வார்கள்.

சில மாதம் கழித்து கந்தசாமி மறுபடி அழைத்தார். எல்லா ஷெட்டிலும் நல்ல மைக் வைக்க வேண்டும், வயர் எப்படி இழுப்பது என்று வந்து சொல்ல வேண்டும் என்றார். போனேன். கேட்டில் மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துவிட்டு நிமிர்ந்தால், மூணாம் ஷெட்டிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். முழங்கால் வரை பூட்ஸ், தலையில் துண்டு, முகத்தில் மாஸ்க். நடையை வைத்து ஆளைக் கண்டுகொண்டு, கையை நீட்டியபடி அவள் பக்கம் இரண்டு எட்டு வைத்தேன்.

“கிட்ட வராதீங்க மேடம்” என்று சத்தம் போட்டாள் நித்யா. “ஷெட்டுக்குள்ள இருந்து வாரேன். குளிச்சுட்டு வந்தர்றேன், ஆபீஸ்ல உக்காருங்க.”